லூப் முடிந்தது, பட்டியல் முடிந்ததா?

சாணக்யபுரியில் வேலை என்றால் ஊரில் எல்லாரும் தூதரகம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். விசா வாங்கித் தர முடியுமா என்று கேட்ட சொந்தக்காரர்களும் உண்டு. என் வேலை அவ்வளவு பெரிதில்லை. சாந்தி பாதையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளியிருக்கும் அலுவலகம் ஒன்றில், உள் தொலைபேசிக் கையேட்டைத் தயாரிக்கும் சி நிரலை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொண்டேன். ஊழியர் விவரம் முழுக்க ஓப்பன்எல்டாப் என்ற டைரக்டரி சர்வரில் இருந்தது. ராத்திரி நிரல் ஓடும். சர்வரிடம் எல்லாரையும் கேட்கும். வந்த பெயர்களை வரிசையாக அடுக்கி ஒரு கோப்பில் எழுதும். காலையில் ரிசப்ஷனில் அதைத்தான் பார்ப்பார்கள்.

நான் சேர்ந்தபோது கையில் கொடுத்த புகார் ஒரே வரி: சில பேர் கையேட்டில் இல்லை. யார் இல்லை என்பதில் ஒரு ஒழுங்கும் இல்லை. டிரைவர் இருப்பார், அவர் ஓட்டும் காரில் போகும் அதிகாரி இருக்க மாட்டார். நிரலைத் திறந்தால் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்தது: தேடு, முதல் என்ட்ரியை எடு, நல் வரும்வரை அடுத்ததை எடு. கோப்பில் எத்தனை பேர் என்று எண்ணினேன். 500. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இப்படி உருண்டையாக ஓர் எண் வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஓப்பன்எல்டாப்பின் சர்வரான ஸ்லாப்டி, அமைப்புக் கோப்பில் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஒரு தேடலுக்கு 500 என்ட்ரிதான் தரும். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் அந்த எண் 1000. சர்வர் இதை மறைப்பதும் இல்லை. தர வேண்டியதைத் தந்துவிட்டு, கடைசியில் 'அளவு மீறிவிட்டது' என்ற பொருளில் 4 என்ற பதில் எண்ணையும் அனுப்பிவைக்கிறது. நிரல் அந்தப் பதிலைப் படிக்காமல் விட்டிருந்தது. எல்டாப் நிரல்களில் நான் பார்த்த தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். லூப் முடிந்தது என்பது ஒரு செய்தி. பட்டியல் முழுதாக வந்தது என்பது வேறொரு செய்தி. முதல் செய்தியை வைத்து இரண்டாவதை ஊகித்துக்கொள்கிறோம்.

இந்த ஊகம் வரக் காரணம் ஃபங்ஷன்களின் பெயர்கள் என்று நினைக்கிறேன். டைரக்டரி என்ற யோசனையே தொலைபேசிக்காரர்களுடையது. 1988இல் எக்ஸ்.500 தரத்தை வெளியிட்டது சி.சி.ஐ.டி.டி. என்ற சர்வதேசத் தொலைபேசி, தந்தி ஆலோசனைக் குழு. அதனால்தான் இன்றைக்கும் எல்டாப் தரத்தில் ஒரு மனிதருக்கு டெலக்ஸ் எண் எழுத இடம் இருக்கிறது. எக்ஸ்.500 கனமாக இருந்ததால் அதன் இளைத்த வடிவமான எல்டாப் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993இல் ஆர்.எஃப்.சி. 1487 ஆக வந்தது. சி மொழிக்கான இடைமுகத்தை 1995 ஆகஸ்டில் டிம் ஹவ்ஸும் மார்க் ஸ்மித்தும் ஆர்.எஃப்.சி. 1823இல் எழுதிவைத்தார்கள். எல்டாப்_ஃபர்ஸ்ட்_என்ட்ரி, எல்டாப்_நெக்ஸ்ட்_என்ட்ரி என்ற பெயர்கள் அதில் இருப்பவை. இன்னும் அப்படியே இருக்கின்றன. முதல், அடுத்தது என்று பெயர் இருந்தால் கைக்கு வந்தது ஒரு பட்டியல் என்று யாருக்கும் தோன்றும்.

வருவது செய்திகளின் சங்கிலி. அதில் முக்கியமாக மூன்று வகை. என்ட்ரி ஒரு வகை. அதன் வகை எண் 100. 'இந்தப் பகுதி என்னிடம் இல்லை, அந்தச் சர்வரைக் கேள்' என்று வேறு முகவரியைக் காட்டும் குறிப்பு இன்னொன்று, அது 115. கடைசியாக, தேடல் எப்படி முடிந்தது என்று சொல்லும் முடிவுச் செய்தி, அது 101. ஃபர்ஸ்ட் என்ட்ரியும் நெக்ஸ்ட் என்ட்ரியும் 100ஐ மட்டும் பொறுக்கிக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் தாண்டிப் போய்விடும். முடிவுச் செய்தி லூப்பின் கண்ணில் படவே படாது.

சாணக்யபுரியிலேயே இருக்கும் ரயில் மியூசியத்துக்குப் போனவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். ரயிலின் கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' என்று ஒரு பலகை தொங்கும். ஸ்டேஷனில் இருப்பவர் அதைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டி முழுதாக வந்துசேர்ந்தது என்று கணக்கு. பெட்டிகள் வருவது நின்றுவிட்டது என்பது போதாது, வழியில் கழன்றும் போயிருக்கலாம். 101ஆம் வகைச் செய்திதான் எல்டாப்பின் எல்.வி. பலகை.

எல்டாப்_சர்ச்_எக்ஸ்ட்_எஸ் என்று காத்திருந்து மொத்தமாக வாங்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால், முடிவுச் செய்தியின் எண்ணை அதுவே திருப்பித் தருகிறது. அந்த எண் பூஜ்யம் இல்லையென்றால் உடனே வெளியேறிவிடும் நிரல்களும் உண்டு. அதுவும் சரியில்லை. 4 வந்தாலும், நேரம் மீறியதைச் சொல்லும் 3 வந்தாலும், அதுவரை வந்த என்ட்ரிகள் சங்கிலியில் இருக்கலாம். அவற்றைப் பயன்படுத்துவதா, தூக்கிப் போடுவதா என்பது வேலையைப் பொறுத்தது. ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் இடத்தில் அரைப் பட்டியலும் உதவும். கையேடு போடும் இடத்தில் உதவாது. எந்த எண் வந்தாலும் சங்கிலியை எல்டாப்_எம்எஸ்ஜிஃப்ரீயால் விடுவிக்க வேண்டும். பிழை வந்தால், ஒன்றும் வரவில்லையே என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்; ராத்திரி முழுக்க ஓடும் நிரலில் அது மெல்ல மெல்ல மெமரியைத் தின்னும்.

சரி, இத்தனை பேர் சோதித்துத்தானே ஒப்படைத்திருப்பார்கள், 500இல் நிற்பது எப்படித் தெரியாமல் போயிற்று? இதற்குப் பதில் சர்வர் அமைப்பில் இருந்தது. சோதனையை ரூட் டி.என். என்ற தலைமைக் கணக்கில் செய்திருந்தார்கள். ஓப்பன்எல்டாப்பில் அந்தக் கணக்குக்கு அளவுக் கட்டுப்பாடும் கிடையாது, அணுகல் கட்டுப்பாடும் கிடையாது. நிஜத்தில் ஓடியதோ வாசிக்க மட்டும் உரிமை உள்ள சாதாரணக் கணக்கு. எல்டாப் நிரலை எந்தக் கணக்கு ஓட்டப்போகிறதோ அந்தக் கணக்கிலேயே சோதியுங்கள். ரூட்டில் சோதித்தால் எல்லாம் நன்றாக நடக்கும், அதனால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

500 என்ற எண்ணைக் கேட்டதும் பலரும் சொல்லும் தீர்வு பக்கம் பக்கமாக வாங்குவது. 1999இல் வந்த ஆர்.எஃப்.சி. 2696 அதற்கு வழி சொல்கிறது. ஒரு பக்கத்துக்கு இத்தனை என்று கேட்டால், சர்வர் அத்தனையைத் தந்து, கூடவே குக்கி என்று ஒரு துண்டுத் தரவையும் தரும். அடுத்த பக்கம் கேட்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குக்கியின் நீளம் பூஜ்யமானால் அதுவே கடைசிப் பக்கம். பாயின்டர் நல் ஆகிவிட்டதா என்று பார்க்கக் கூடாது, நீளத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் எத்தனை என்ட்ரி வந்தது என்பதை வைத்தும் முடிவுகட்டக் கூடாது. காலிப் பக்கம் வந்து, குக்கி உயிரோடு இருப்பதும் நடக்கும்.

ஆக்டிவ் டைரக்டரியில் இந்த வழியில் ஆயிரத்தைத் தாண்டிவிடலாம். ஓப்பன்எல்டாப்பில் அது நடக்காது. எல்லாப் பக்கமும் சேர்ந்து மொத்தம் எத்தனை என்பதற்கும் அங்கே ஒரு வரம்பு உண்டு. வேறு சொல்லாவிட்டால் அதுவும் அதே 500தான். நூறு நூறாகக் கேட்டு, ஐந்து பக்கம் வாங்கி, ஆறாவதில் 4ஆம் எண்ணைப் பார்த்து முழிக்க வேண்டியதுதான். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் போய், கையேட்டு நிரலின் கணக்குக்கு மட்டும் வரம்பை ஏற்றித் தரச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு கோரிக்கைக் கடிதம், இரண்டு கையெழுத்து. நிரல் திருத்தத்தை விட அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

115ஆம் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேறு சர்வரைக் கேள் என்ற குறிப்பு வந்தால், ஓப்பன்எல்டாப்பின் சி நூலகம் நம்மைக் கேட்காமலே அந்தச் சர்வரைத் தேடிப் போகும். போகும்போது பெயர் சொல்லாத விருந்தாளியாகவே போகும். ஆக்டிவ் டைரக்டரியில் மரத்தின் உச்சியிலிருந்து தேடினால் இப்படிச் சில குறிப்புகள் கட்டாயம் வரும். அந்தச் சர்வருக்கும் நமக்கும் நடுவில் ஃபயர்வால் இருந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பாதுகாப்பு கெடுபிடி அதிகமான இந்தப் பேட்டையில் ஃபயர்வால் இல்லாத இடம் எது? ரெஃபரல்ஸ் என்ற விருப்பத்தை அணைத்துவிட்டு, குறிப்புகளை நாமே படித்து, பதிவேட்டில் எழுதிவைப்பது நல்லது. எல்டாப்_கவுன்ட்_என்ட்ரீஸ் தரும் எண்ணும் எல்டாப்_கவுன்ட்_மெசேஜஸ் தரும் எண்ணும் ஒன்றுக்கு மேல் வித்தியாசப்பட்டால் குறிப்புகள் வந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

எந்த மெமரியை யார் விடுவிப்பது என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் திணறுகிறார்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவன் எங்களோடு இருந்தான். யஷ்வந்த் பிளேஸில் மோமோ தட்டை வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டான்: "அண்ணே, ஃப்ரீ பண்ணலேன்னா லீக் ஆகுது, பண்ணினா க்ராஷ் ஆகுது. என்னதாண்ணே பண்ணச் சொல்றாங்க?"

"யாரு வாங்கிக் குடுத்ததுன்னு பாருடா. சங்கிலிக்குள்ள இருக்கிறதைத் தொடாதே. உனக்குன்னு காப்பி எடுத்துக் குடுத்ததை நீதான் தூக்கிப் போடணும்."

அவ்வளவுதான் விதி, ஆனால் எது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே. என்ட்ரி பாயின்டர் சங்கிலிக்குள்ளேயே சுட்டுகிறது. லூப்புக்குள் அதை விடுவித்தால் அடுத்த அடியில் விழும். எல்டாப்_கெட்_டி.என். தரும் பெயர் நமக்கென்று எடுத்த நகல். எல்டாப்_மெம்ஃப்ரீயால் விட வேண்டும். ஆட்ரிபியூட் பெயர்களும் அப்படியே. பழைய நிரல்களில் ஆட்ரிபியூட் பெயரை விடுவிக்காமல் இருப்பதைப் பார்க்கலாம். எழுதியவர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். மிச்சிகன் காலத்து நூலகத்தில் அந்தப் பெயர் இணைப்போடு சேர்ந்த ஒரு பொது இடத்தில் இருந்தது, விடுவிக்க அவசியமே இல்லை. நூலகம் மாறியது, நகலெடுத்து ஒட்டிய நிரல்கள் மாறவில்லை.

மதிப்புகளின் வரிசையை எல்டாப்_வேல்யூ_ஃப்ரீ_லென் விடுவிக்கும். ஆட்ரிபியூட்களை எண்ணிக்கொண்டு போகும்போது நூலகம் இடம் குறித்துவைக்கும் பெர்எலிமென்ட் என்ற பொருள் ஒன்று உண்டு. அதற்குப் பெர்_ஃப்ரீ, இரண்டாவது அளவுருவாகப் பூஜ்யம். ஒன்று போட்டால் சங்கிலிக்குச் சொந்தமான தரவையும் சேர்த்து அழித்துவிடும், கடைசியில் எம்எஸ்ஜிஃப்ரீ அதே இடத்தை மறுபடி அழிக்கப் போகும். தம்பியின் க்ராஷ் அதுதான். வால்க்ரைண்டில் ஓட்டினால் வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கம் இல்லாமல் சியில் எல்டாப் எழுதாதீர்கள்.

ஒவ்வொரு என்ட்ரியின் ஆட்ரிபியூட்களையும் படிக்கும் உள் லூப்புக்கு வருவோம். இங்கே தமிழருக்கென்றே சில வேடிக்கைகள் இருக்கின்றன.

ஆட்ரிபியூட் பெயர் எப்போதும் நாம் கேட்ட மாதிரியே வராது. 2004இல் வந்த ஆர்.எஃப்.சி. 3866 ஒரே ஆட்ரிபியூட்டைப் பல மொழிகளில் வைத்துக்கொள்ள வழி செய்கிறது. சி.என். என்ற பொதுப்பெயரைக் கேட்டால், தமிழில் எழுதிய பெயர் 'சி.என்., அரைப்புள்ளி, லாங்-டிஏ' என்ற பெயரில் தனி ஆட்ரிபியூட்டாகக் கூடவே வரும். பெயரை ஸ்டிரிங் கம்பேர் செய்து சி.என்.தானா என்று பார்க்கும் நிரல் இதைத் தள்ளிவிடும். ஆக்டிவ் டைரக்டரியில் பெரிய குழுவின் உறுப்பினர்களைக் கேட்டாலும் அரைப்புள்ளிக்குப் பின்னால் '0 முதல் 1499 வரை' என்று ஒட்டிக்கொண்டு வரும். மிச்சத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். இதுவும் லூப் முடிந்து பட்டியல் முடியாத கதைதான், ஒரு மாடி கீழே. எனவே அரைப்புள்ளி வரை வெட்டி, பெரிய எழுத்து சிறிய எழுத்து பாராமல் ஒப்பிட்டு, வெட்டிய வாலையும் தூக்கிப் போடாமல் படியுங்கள்.

அடுத்தது குடும்பப்பெயர். பெர்சன் என்ற அடிப்படை வகுப்பில் சி.என்., எஸ்.என். இரண்டும் கட்டாயம். எஸ்.என். என்றால் சர்நேம். அது இல்லாமல் ஒருவரைச் சேர்க்கவே முடியாது. இன்ஷியலோடு பிறந்து இன்ஷியலோடு வாழும் நம் ஆள் என்ன செய்வார்? அந்த அலுவலகத்தில் எஸ்.என். மதிப்புகளை மட்டும் எடுத்து அச்சிட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு அப்பா பெயர். ஒருவருக்கு வெறும் இன்ஷியல். ஒருவருக்கு அவர் பெயரே இரண்டாம் தடவை. பலருக்கு ஒரு புள்ளி. நிரல் எஸ்.என். வாரியாக அடுக்கியதால் சர்மாக்களுக்கும் வர்மாக்களுக்கும் முன்னால், கையேட்டின் உச்சியில், புள்ளியின் கீழ் தமிழர்கள் ஒன்றுகூடியிருந்தார்கள். தில்லியில் நமக்கு இவ்வளவு ஒற்றுமை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. 2000இல் வந்த ஐநெட்-ஆர்க்-பெர்சன் வகுப்பில் டிஸ்ப்ளே நேம் என்று ஓர் ஆட்ரிபியூட் இருக்கிறது. இருந்தால் அதையும், இல்லையென்றால் சி.என்.ஐயும் காட்டுங்கள், அதன்படியே அடுக்குங்கள். எஸ்.என்.ஐ நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

மதிப்பு என்பது பைட்டுகளும் அவற்றின் நீளமும்தான். பழைய எல்டாப்_கெட்_வேல்யூஸ் அதைச் சாதாரண சி சரமாகத் தருகிறது. படமோ சான்றிதழோ வந்தால் முதல் பூஜ்ய பைட்டில் வெட்டுப்படும். லென் என்று முடியும் ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். தமிழில் அந்த நீளம் இன்னொரு தொல்லை தரும். 'சாணக்யபுரி' என்று எழுதினால் கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் பத்துக் குறியீடு, யு.டி.எஃப்.-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 30 பைட். பிரின்ட்எஃபில் இருபது இடம் ஒதுக்கு என்றால் அது பைட்டைத்தான் எண்ணும், கட்டம் கோணலாகிவிடும். வெட்டவும் சொன்னால் எழுத்தின் நடுவில் வெட்டும், கட்டம் கட்டமாகக் குப்பை தெரியும்.

அகர வரிசையும் அப்படித்தான். எல்டாப் சர்வர் எந்த வரிசையிலும் தரக் கடமைப்பட்டதில்லை, அடுக்குவது நம் வேலை. ஸ்டிரிங் கம்பேரால் அடுக்கினால் யூனிகோட் வரிசை வரும். அதில் 'ன' போய் 'ந'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, புள்ளி வைத்த மெய் உயிர்மெய்க்கு எல்லாம் பின்னால் போய்விடுகிறது. தமிழ் லொகேலை அமைத்து ஸ்டிரிங் கொலேட் செய்ய வேண்டும். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரத்தின்படி நடக்கும் சர்வர் ஒப்பிடும்முன் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். நம் லூப்புக்குள் பைட் பைட்டாக ஒப்பிட்டால் கொளஞ்சி இரண்டு பேராகிவிடுவார்.

தொலைபேசி எண்ணுக்கும் முகவரிக்கும் சுருக்கமாக. ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதல் மதிப்பை மட்டும் எடுக்கும் நிரல் இன்றைக்கு ஒரு எண்ணையும் நாளைக்கு வேறொன்றையும் காட்டலாம். ஒன்றுமே இல்லாதவருக்கு அந்த ஆட்ரிபியூட்டே வராது, மதிப்பு கேட்டால் நல். பார்க்காமல் தொட்டால் நிரல் விழும். அஞ்சல் முகவரியில் வரிகளுக்கு நடுவே டாலர் குறி வரும். 'நியாய மார்க் டாலர் சாணக்யபுரி டாலர் புது தில்லி 110021' என்று அப்படியே அச்சாகியிருந்ததைப் பார்த்துவிட்டு, வாடகையை டாலரில் வாங்குகிறார்களா என்று ரிசப்ஷனில் கேட்டார்கள். இந்தப் பேட்டையில் அது ஒன்றும் அபத்தமான கேள்வி இல்லை.

இப்போது அந்த நிரல் வேறு மாதிரி ஓடுகிறது. மொத்தமாக வாங்காமல், தேடலை அனுப்பிவிட்டு எல்டாப்_ரிசல்டை ஒவ்வொரு செய்தியாகக் கேட்கிறது. 100 வந்தால் ஒரு வரி எழுதி, அந்தச் செய்தியை அங்கேயே விடுவிக்கிறது. 115 வந்தால் பதிவேட்டில் குறிக்கிறது. 101 வந்தால் எல்டாப்_பார்ஸ்_ரிசல்ட் மூலம் பதில் எண்ணைப் பிரித்துப் பார்க்கிறது. எல்டாப்_ரிசல்டே பூஜ்யம் தந்தால் காத்திருப்பு நேரம் தீர்ந்துபோயிற்று, மைனஸ் ஒன்று தந்தால் இணைப்பில் கோளாறு. எழுதுவதெல்லாம் ஒரு தற்காலிகக் கோப்பில். 101 வந்து, அதில் பதில் எண் பூஜ்யமாக இருந்தால் மட்டுமே அது பழைய கையேட்டின் இடத்துக்குப் போகும். இல்லையென்றால் நேற்றைய கையேடே இன்றைக்கும் இருக்கும், நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் போகும். பெயர் விடுபட்ட புதிய கையேட்டை விட நேற்றைய முழுக் கையேடு மேல் என்று அலுவலகத்திலும் ஒப்புக்கொண்டார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய சர்வர் எதுவும் வேண்டாம். மடிக்கணினியிலேயே ஸ்லாப்டியை நிறுவி, அளவு வரம்பை 3 என்று வையுங்கள். தொலைபேசியே இல்லாத ஒருவர், இரண்டு எண் உள்ள ஒருவர், தமிழில் பெயர் எழுதிய ஒருவர், எஸ்.என்.இல் புள்ளி வைத்த ஒருவர், இல்லாத சர்வரைக் காட்டும் ரெஃபரல் ஒன்று என்று சேர்த்துவிட்டு, சாதாரணக் கணக்கில் நிரலை ஓட்டுங்கள்.